கண்ணாடித் தகட்டில் நிலவேம்பு

நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் 9 சரக்குகள் உண்டு. எல்லாவற்றையும் இடித்துத் தூளாக்கிய பிறகு, அதில் அசல் நிலவேம்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் காரிஸ்ம் போன்ற மருந்தாய்வு மையங்களில் இதற்கு உதவுவது மென்படல வண்ணப்பிரிகை. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் சூரணத்தின் சாற்றை வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேற மேலேற ஒவ்வொரு பொருளும் தனித்தனி உயரத்தில் தங்கிவிடும்.

முன்பெல்லாம் நுண்குழாயால் கையாலேயே பொட்டு வைப்பார்கள். கை சற்று அழுத்தினாலும் பொட்டு பரவிவிடும். இப்போது தானியங்கி ஊசி, தகட்டைத் தொடாமலே நைட்ரஜன் வாயுவால் சாற்றைத் தெளித்து, 8 மில்லிமீட்டர் கோடுகளாக வரிசையாகப் போடுகிறது.

நம் டெல்டாவில் பெரிய தொல்லை ஈரக்காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிலிக்கா ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோடையில் கிடைத்த முடிவோடு அப்போது கிடைப்பது ஒத்துப்போகாது. அதனால் தகட்டை வைக்கும் தானியங்கிக் கலம் ஈரப்பதத்தை முதலில் 33 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறது. கரைப்பான் 70 மில்லிமீட்டர் ஏறியதும் தகட்டைத் தானே எடுத்து உலர்த்துகிறது. பிறகு 254, 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் படம் எடுக்கிறார்கள்.

சூரணத்தின் கோட்டுக்குப் பக்கத்திலேயே அசல் நிலவேம்பின் கோடும் இருக்கும். நிலவேம்புக்குரிய பட்டைகள் இரண்டிலும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் பொருந்த வேண்டும். அந்த அசல் செடியை இனங்கண்டு கொடுப்பவர் மட்டும் இன்றும் தாவரவியலாளர்தான்.