எதற்கு நேர்?

கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று யாரிடமாவது வழி கேளுங்கள். “நேராப் போங்க” என்பார்கள். மேற்கே முகம் வைத்திருந்தால் அந்த நேர் விழுப்புரத்தில் கொண்டுபோய் விடும். கிழக்கே பார்த்து நின்றால் புதுச்சேரி. தெற்கே திரும்பினால் பண்ருட்டி. சொன்ன சொல் ஒன்றுதான். நின்ற கோலத்துக்கு ஏற்ப ஊர் மாறிவிடுகிறது.

இந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகளில் கொஞ்ச தூரம் போனாலே ‘வீல் அலைன்மென்ட்’ போர்டு கண்ணில் படும். அந்தச் சொல் இப்போது தமிழாகவே ஆகிவிட்டது. சாலைக்கு அலைன்மென்ட், பல்லுக்கு அலைன்மென்ட், கல்யாணப் பத்திரிகையின் எழுத்துக்கும் அலைன்மென்ட். நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. கொத்தனாருக்கு மட்டம், ஆசாரிக்கு நூல், உழவருக்கு வரிசை, நெசவாளிக்குப் பாவு. தொழிலுக்கு ஒரு பெயர். ஆனால் எல்லாத் தொழிலிலும் முதல் கேள்வி ஒன்றே: எதற்கு நேர்?

நூல் பிசகாமல்

கொத்தனார் தன் கண்ணை நம்புவதில்லை. வரிசைக்கு நூல் கட்டுகிறார். சுவரின் நிமிர்வுக்குத் தூக்குக்குண்டு விடுகிறார். கிடைமட்டத்துக்கு ரசமட்டம். எட்ட எட்ட நிற்கும் இரண்டு தூண்களில் ஒரே உயரத்தைக் குறிக்க, கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் பிடித்துப் பார்க்கிறார். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போதுதான் வேடிக்கை. சாய்ந்துபோன சுவரை ஒட்டிப் புது நிலையைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தினால், வீட்டுக்காரர் கண்ணுக்கு நிலைதான் கோணலாகத் தெரியும். “நிலை நேராத்தான் இருக்கு, உங்க சுவருதான் சாஞ்சிருக்கு” என்று கொத்தனார் சொல்ல வேண்டியிருக்கும். இருபது வருடம் பார்த்துப் பழகிய கோணல் நமக்கு நேராகிவிடுகிறது.

ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஆசாரிகள் ‘ஒரு நூல்’ என்பார்கள். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ‘நூல் பிசகாமல்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதன் அளவு அதுதான்.

தறியில் இந்தக் கணக்கு இன்னும் நுணுகும். கோலியனூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் உள்ள சிறுவந்தாடு, பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். பட்டு நெசவில் கோர்வை என்று ஒரு முறை உண்டு. சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா. உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வோர் ஊடையும் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒருமுறை தவறினால் கரை தனி, சேலை தனி.

நின்றால் கோணல், ஓடினால் நேர்

நேர் என்றால் இணைகோடு என்று நினைத்துக்கொண்டு வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனால் ஏமாறுவோம். பல வண்டிகளில் முன்சக்கரங்கள் முன்பக்கமாக இம்மியளவு உள்நோக்கித் திரும்பியிருக்கும்படியே வைக்கிறார்கள். மெக்கானிக்குகள் இதை ‘டோ-இன்’ என்பார்கள். பின்சக்கரம் தள்ளி ஓடும் வண்டியில், சாலையின் உராய்வு முன்சக்கரங்களை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே திருப்பி வைத்தால்தான் ஓட்டத்தில் அவை நேருக்கு வரும். இது தப்பினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டியரிங் இழுக்கும். ஷெட்டில் நிற்கும்போது அழகாகத் தெரிவதற்காக யாரும் சக்கரத்தைச் சரிபார்ப்பதில்லை.

வயலிலும் அப்படித்தான். திருந்திய நெல் சாகுபடியில் குத்துக்குக் குத்து 22.5 சென்டிமீட்டர் விட்டு, சதுரமாக நடச் சொல்கிறார்கள். பார்வைக்கு அழகு என்பது உபரி லாபம். கோனோவீடர் என்ற களைக்கருவியை நெடுக்கிலும் குறுக்கிலும் தள்ளிக்கொண்டு போக வழி வேண்டும்; அதற்குத்தான் சதுரம்.

வாசலில் கோலம் போடும் பெண்களுக்கு இந்தப் பாடம் எப்போதோ தெரியும். நேர்ப்புள்ளியில் புள்ளிக்குக் கீழே புள்ளி. ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு புள்ளி. இரண்டாவது வகையில் அடுத்தடுத்த வரிசைகளில் எதுவும் எதற்கும் நேர்கீழே இல்லை. ஆனாலும் அது ஒழுங்கு. விலகுவதற்கும் ஒரு முறை இருந்தால் போதும்.

கேமராவுக்கு அகப்படாத கோயில்

விலகலையே அடையாளமாக வைத்துக்கொண்ட கோயில் ஒன்று விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்தில் இருக்கிறது. வக்ரகாளியம்மனுக்குப் பேர்பெற்ற திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். மூலவர் மும்முக லிங்கம். பொதுவாகச் சிவன் கோயில்களில் கோபுரவாசல், கொடிமரம், நந்தி, கருவறை எல்லாம் ஒரே கோட்டில் அமையும். இங்கே ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. வக்ரம் என்றால் கோணல். ஊர்ப்பெயரோடு இதைச் சேர்த்தே சொல்வது வழக்கம்.

போட்டோ எடுப்பவர்களுக்கு இந்தக் கோயில் நல்ல பயிற்சி. செல்போன் கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, நடுக்கட்டத்தில் கோபுரவாசலை வைத்து, அதற்குள் கொடிமரம், நந்தி என்று அடுக்கிப் பழகிய கை இங்கே திணறும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று ஓரம் ஒதுங்கும். இரண்டடி இடம் மாறி நின்று, எதை எதற்கு நேராக வைப்பது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். நல்ல படம் எடுப்பது என்பதே பாதிக்கு மேல் அந்த முடிவுதான். உயரமான கோபுரத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்ததுபோல விழும். போனை நிமிர்த்திப் பிடித்து நாம் பின்னால் போனால் கோபுரமும் நிமிரும்.

வெயிலுக்கு நேர், சாலைக்குக் குறுக்கே

விக்கிரவாண்டி பக்கம் பனையபுரம். தேவாரத்தில் புறவார் பனங்காட்டூர். சித்திரை முதல் ஏழு நாள் காலைச் சூரியன் இங்கே பனங்காட்டீஸ்வரர்மீதும் பிறகு அம்மன்மீதும் விழும். அந்த நாட்களில் நம் ஊர்ச் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. ஏறத்தாழ 10 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது. தினமும் மூன்றில் ஒரு டிகிரி போல இன்னும் வடக்கே நகர்கிறது. வாசலிலிருந்து 20 மீட்டர் உள்ளே விழும் கதிர், இந்தக் கணக்கில் ஏழு நாளில் முக்கால் மீட்டர் விலகிப்போகும். ஏழு நாளோடு நின்றுபோவதன் சூட்சுமம் அதுதான்.

இதே கோயில், விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையை நான்குவழியாக்கும் திட்டத்தில் சிக்கியது. ஊர்மக்களும் வரலாற்று ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். கோயில் பிழைத்தது. கல்லைப் பெயர்த்து எண் போட்டு வேறிடத்தில் அடுக்கிவிடலாம். அங்கே வாசலும் கருவறையும் அதே கோணத்தில், எதிரே மறைப்பு ஏதுமின்றி உட்கார வேண்டுமே? சாலையின் கோட்டை வரைந்தவர்கள் ஓரிடத்தையும் இன்னோரிடத்தையும் பார்த்தார்கள். கோயிலின் கோட்டை வரைந்தவர்கள் சூரியனைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் மோதும்போது எது வளைந்துகொடுக்க முடியுமோ அதுதான் வளைய வேண்டும்.

உங்கள் ஊரிலும் எங்காவது சாலைக்கோ வாய்க்காலுக்கோ அளவுக்கல் நட்டிருந்தால், அது எதற்கு நேர் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

சும்மா ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். ஏப்ரல் 21-ஐ ஒட்டி, வெட்டவெளியில் ஒரு கம்பைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்துங்கள். 12 மணிக்கு அதற்குக் கொஞ்சம் நிழல் இருக்கும். 12.11 வாக்கில் நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும் இதே கதைதான், நாலைந்து நிமிடம் தள்ளி. உங்கள் கடிகாரத்தில் பிழை இல்லை. அது உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கம் போகும் தீர்க்கரேகைக்கு நேர். கம்பு கோலியனூருக்கு நேர்.