முடிச்சு போட்டு வட்டம் வரையலாமா?

கணக்கு நோட்டை எடுங்கள். கட்டம் போட்ட பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, அதில் ஒரு வட்டம் வரையுங்கள். காம்பஸ் வேண்டாம். கோடும் இழுக்கக் கூடாது. ஒரு கட்டத்துக்கு முழுதாக வண்ணம் தீட்டலாம், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். பாதிக் கட்டம், கால் கட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் பத்துக் கட்ட அகலத்தில் முயன்று பாருங்கள். வட்டம் வராது. ஓரமெல்லாம் மாடிப்படி மாதிரி ஏறி இறங்கும். அடுத்து நாற்பது கட்ட அகலத்தில். கை வலிக்கும்தான். ஆனால் வண்ணம் தீட்டி முடித்து, நோட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாலைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். அட, வட்டமேதான்!

ஈரானில் கம்பளம் நெய்கிறவர்கள் பல நூறு ஆண்டுகளாக இந்தக் கட்டத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஈரானின் பழைய பெயர் பாரசீகம். அதனால்தான் அவர்களுடைய கைவேலையைப் பாரசீகக் கம்பளம் என்கிறோம். அதில் கொடி ஓடும், பூ மலரும், மான் துள்ளும். அத்தனையும் வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. செல்போன் திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற பிக்ஸல் இருக்கிறதே, அதைக் கம்பளியில் செய்த மாதிரி.

அந்த முடிச்சைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

நம் வீட்டு ஜமக்காளத்தில் முடிச்சு கிடையாது. நீளவாக்கில் பாவு நூல், குறுக்குவாக்கில் ஊடை நூல், இரண்டும் மேலும் கீழுமாகப் பின்னிப் போவதோடு சரி. பாரசீகக் கம்பளத்தில் அதற்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது. தறியில் பாவு நூல்கள் வீணைக் கம்பி போல விறைப்பாக நிற்கும். நெய்கிற பெண் (பெரும்பாலும் பெண்கள்தான்) பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாவு நூல்களை விரலால் பிரித்து, வண்ணக் கம்பளி நூலை அவற்றில் சுற்றி, நுனியை முன்பக்கம் இழுத்து, கத்தியால் சரக்கென்று அறுக்கிறார். ஒரு முடிச்சு முடிந்தது. அடுத்த ஜோடிக்குப் போகிறார். ஒரு வரிசை நிறைந்ததும் ஊடை நூலை ஓட்டி, கனமான சீப்பால் தட்டி இறுக்குகிறார். நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கத்தரித்துச் சமமாக்குகிறார். கம்பளத்தில் கால் வைத்ததும் மெத்தென்று இருக்கிறதே, அது இந்த நுனிகள்தான்.

முடிச்சில் இரண்டு வகை முக்கியமானவை. யாரிடமாவது இரண்டு பென்சில்களை அருகருகே நிறுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒரு ஷூ லேஸை எடுத்துக்கொள்ளுங்கள். லேஸை இரண்டு பென்சில்களுக்கும் முன்னால் குறுக்கே வைத்து, இரண்டு நுனிகளையும் பின்பக்கமாகச் சுற்றி, நடு இடைவெளி வழியாக முன்னால் இழுத்தால் அது துருக்கி முடிச்சு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பென்சிலை மட்டும் முழுதாகச் சுற்றிவிட்டு, மற்றதன் பின்னால் லேஸை நழுவ விட்டு வெளியே எடுத்தால் அது பாரசீக முடிச்சு. இதில் நுனிகள் தனித்தனி இடைவெளியில் வெளிவரும். பாரசீக முடிச்சுக்கு ஐரோப்பிய வியாபாரிகள் 'சென்னே முடிச்சு' என்றும் பெயர் வைத்தார்கள். சென்னே என்பது ஈரானில் உள்ள சனந்தஜ் என்ற ஊரின் பழைய பெயர். அங்கே போய்ப் பார்த்தால் நெசவாளர்கள் போடுவது துருக்கி முடிச்சு! பெயரை நம்பாமல் நூலைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது கணக்கு நோட்டுக்குத் திரும்புவோம். ஒரு கம்பளத்தில் பூ வளைந்து நெளிந்து இருக்குமா, கட்டம் கட்டமாக இருக்குமா என்பதை நெய்கிறவரின் ஆசை மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை முடிச்சு போட முடியும் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

தென் ஈரானில் ஃபார்ஸ் மாகாணம். அங்கே கஷ்காய் என்ற மக்கள் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போவார்கள். கோடையில் ஜாக்ரோஸ் மலையின் உயரத்துக்கு, குளிர்காலத்தில் தாழ்வான நிலத்துக்கு. அவர்களோடு தறியும் பயணம் போகும். தரையில் முளை அடித்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே பாவு இழுத்துக் கட்டினால் தறி தயார். கிளம்பும் நாளில் முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தோடு சுருட்டிவிட்டால் அதுவே மூட்டை. இப்படிப்பட்ட தறியில் பெரிய கம்பளம் நெய்ய முடியாது. பாவு நூலும் அவர்கள் ஆட்டின் கம்பளிதான், கொஞ்சம் தடிப்பு. அதனால் முடிச்சும் பெரிது. பெரிய முடிச்சில் வளைவு வராது என்பது நமக்குத்தான் தெரியுமே! எனவே அவர்கள் வைரக்கட்டம், நட்சத்திரம், கொக்கிக் கோடு, குச்சிக்கால் ஆடு என்று நேர்கோட்டில் அடங்குவதை நெய்கிறார்கள். பார்த்து நெய்யப் படம் எதுவும் கிடையாது. எல்லாம் மனத்திலிருந்து வருவது. அதனால் ஒரு கம்பளம் போல இன்னொன்று இருக்காது.

காஷான், இஸ்ஃபஹான் போன்ற நகரங்களில் கதை வேறு. அங்கே தறி சுவர் போலச் செங்குத்தாக ஒரே இடத்தில் நிற்கும். பாவு பருத்தி நூல், சில கம்பளங்களில் பட்டு. பட்டை மெல்லிசாக முறுக்கினாலும் இழுவை தாங்கும், அறுந்துபோகாது. மெல்லிய பாவு என்றால் நெருக்கமான முடிச்சு. நெருக்கமான முடிச்சு என்றால் வளைகிற கொடி! ஓவியர் ஒருவர் கட்டத்தாளில் முழு வடிவத்தையும் வண்ணத்தில் தீட்டிக் கொடுப்பார். அதற்கு நக்‌ஷே என்று பெயர். ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. சில பட்டறைகளில் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து, இத்தனை சிவப்பு, பிறகு இத்தனை நீலம் என்று ராகம் போட்டுப் பாடுவார். தறி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் காதால் கேட்டே முடிச்சு போடுவார்கள். பாட்டாகவே வாசிக்கப்படும் படம்! ஃபார்ஸ் கம்பளக் கலையையும் காஷான் கம்பளக் கலையையும் யுனெஸ்கோ 2010-ஆம் ஆண்டு ஒரே சமயத்தில் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அது மிகச் சரியான முடிவாகத் தோன்றுகிறது. கட்டம் கட்டமான கம்பளம் 'சாதாரணம்', வளைந்த கம்பளம் 'உசத்தி' என்று நினைப்பது தவறு. இரண்டும் வெவ்வேறு கணக்குக்குக் கண்ட விடைகள்.

எனக்கு மிகப் பிடித்த விடை ஹெரிஸ் என்ற ஊருடையது. வடமேற்கு ஈரானில், தப்ரீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகரத்துக் கம்பளங்களின் நடுவில் வட்டமாக மலரும் பெரிய பதக்க வடிவத்தை ஹெரிஸ் நெசவாளர்கள் தங்கள் தடித்த முடிச்சில் கொண்டுவந்தபோது, வளைவை எல்லாம் துணிச்சலாக நேர்கோடாக ஒடித்துவிட்டார்கள். கூர்முனைகள் நீட்டிக்கொண்டு, ஒரு மாபெரும் நட்சத்திரம் போல ஒரு புதிய வடிவம் பிறந்தது.

இந்த நடுப் பதக்கத்துக்குப் பாரசீக மொழியில் துரஞ்ச் என்று பெயர். நான்கு மூலைகளிலும் அதன் கால் பங்கு வந்து உட்கார்ந்திருப்பதைப் பல கம்பளங்களில் பார்க்கலாம். இதில் ஓவியருக்கு ஒரு லாபம் உண்டு. கம்பளத்தில் நாலில் ஒரு பங்கை மட்டும் வரைந்தால் போதும். மீதியைத் திருப்பித் திருப்பி வாசித்து நெய்துவிடலாம். நம்ப முடியவில்லையா? தாளின் மூலையில் கால் பூ வரைந்து, இரண்டு கைக்கண்ணாடிகளை அந்த மூலையில் செங்கோணமாக நிறுத்துங்கள். முழுப் பூ தெரியும்.

இன்னும் எத்தனையோ வடிவங்கள். வைரக்கட்டத்தைச் சுற்றி நான்கு வளைந்த இலைகள் வந்தால் 'மாஹி', அதாவது மீன். நம் பட்டுப்புடவைக் கரையில் மாங்காய் என்கிறோமே, அதே வளைந்த வடிவத்தைப் பாரசீகர்கள் பூத்தே என்கிறார்கள். செடி, புதர் என்று பொருள். தோட்டத்தை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே, குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால் ஓட, அதில் மீன் நீந்த நெய்த தோட்டக் கம்பளமும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட கம்பளம் ஒன்று ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜஸ்தான் சுற்றுலா போனால் விட்டுவிடாதீர்கள்.

நெருக்கமான முடிச்சு சமீபத்திய திறமை என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1949-இல் செர்கெய் ருதென்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர் சைபீரியாவின் அல்தாய் மலையில், பஸிரிக் என்ற இடத்தில் ஒரு பழங்காலக் கல்லறையைத் தோண்டினார். முன்னொரு காலத்தில் திருடர்கள் அதற்குள் ஓட்டை போட்டு நுழைந்து பொன்னையும் பொருளையும் கொண்டுபோயிருந்தார்கள். அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உறைந்துவிட்டது. பனிக்கட்டிக்குள் பூச்சியும் கிருமியும் வேலை செய்ய முடியாது. அதனால் திருடர்கள் வேண்டாமென்று விட்டுப்போன கம்பளம் ஒன்று கெடாமல் கிடைத்தது. வயது ஏறத்தாழ 2,400 ஆண்டுகள்! வரிசையாக மான்கள், வரிசையாகக் குதிரைவீரர்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 36 முடிச்சுகள். உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அளவில் 36 முடிச்சு போட்டுப் பார்க்க முடியுமா? அதை யார் நெய்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கம்பளம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சின்ன முடிச்சு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சின்ன விரல்களால்தான் நுணுக்கமாக முடிய முடியும் என்று காரணம் சொல்லி, நம் நாட்டிலும் உங்கள் வயதுப் பிள்ளைகளைக் கம்பளத் தறியில் உட்காரவைத்தார்கள். அது அநியாயம், உண்மையும் அல்ல. நுணுக்கம் பல வருடப் பயிற்சியில் வருவது. கைலாஷ் சத்யார்த்தி இதை எதிர்த்துப் போராடி, குழந்தைகளின் உழைப்பு இல்லாமல் நெய்த கம்பளங்களுக்கு அடையாள முத்திரை கொடுக்கும் திட்டத்தை 1994-இல் உருவாக்கினார். 2014-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி நிறம். சிவப்புக்கு ரூனாஸ் என்ற செடியின் வேர். நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு. வேரை இடித்துக் கொதிக்கவைத்து நூலை முக்கினால் மட்டும் நிறம் நிற்காது, அலசும்போது போய்விடும். அதனால் நூலை முதலில் படிகாரத் தண்ணீரில் காய்ச்சுவார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் கம்பளியையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். ரூனாஸ் வேரில் சிவப்பைத் தரும் பொருளின் பெயர் அலிசரின். நம் கடற்கரை மணலில் வளர்கிற சாயவேரிலும் இருப்பது அதுவே.

நீலம் தருவது அவுரி. அதுதான் உண்மையான மாயவித்தை. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் எப்படிப் போகும்? சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்த்துத் தொட்டியில் புளிக்கவைக்கிறார்கள். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ள, சாயம் மாறுதலடைந்து கரைகிறது. அப்போது தொட்டி நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சை! அதில் தோய்த்த நூலை வெளியே தூக்கிக் காற்றில் பிடித்தால், கண்ணெதிரே பச்சை மெல்ல மெல்ல நீலமாகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் திரும்ப வந்து சேர்ந்ததும், சாயம் மறுபடியும் கரையாததாகி நூலுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. படிகாரமே தேவையில்லை.

கறுப்பில்தான் சிக்கல். இரும்புச் சத்து சேர்த்துக் கறுப்பாக்கிய கம்பளியை அந்த இரும்பே ஆண்டுக்கணக்கில் அரித்துவிடும். அதனால் பழைய கம்பளங்களில் கறுப்பு இடம் மட்டும் பள்ளமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்றும் உண்டு: ஒரே நீலத்தின் நடுவே திடீரென ஒரு பட்டை வெளுத்துத் தெரியும். ஒரு தொட்டியில் சாயமேற்றிய நூல் தீர்ந்து, அடுத்த தொட்டி நூலைத் தொடங்கிய இடம் அது. இதற்கு அப்ராஷ் என்று பெயர். பிழை என்று யாரும் ஒதுக்குவதில்லை.

சரி, மிகப் புகழ்பெற்ற கம்பளம் எது? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபில் கம்பளம். நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்தே நிறங்கள். சுமார் 2.6 கோடி முடிச்சுகள். ஒருவர் நாளுக்குப் பத்தாயிரம் முடிச்சு போடுகிறார் என்று வைத்துக்கொண்டால், தனியாக எத்தனை வருடம் ஆகும்? வகுத்துப் பாருங்கள், ஏழு வருடத்துக்கு மேல் வரும். நல்லவேளை, பலர் வரிசையாக உட்கார்ந்து நெய்திருக்கிறார்கள். ஓரத்தில் காஷான் ஊர் மக்ஸூத் என்ற பெயரும் 946 என்ற இஸ்லாமிய ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. நம் கணக்கில் 1539–40.

நடுப் பதக்கத்திலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு விளக்குகள் தொங்குவது போல நெய்திருக்கிறார்கள். அளந்து பார்த்தால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சின்ன விளக்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், தூரத்திலிருக்கும் பெரிய விளக்கு சிறுத்துத் தெரியும், இரண்டும் சமமாகிவிடும். அதற்காகத்தான் இப்படி நெய்தார்கள் என்கிறார்கள் சிலர். அந்தக் காலத்தில் அங்கே அப்படிச் செய்யும் வழக்கம் இருந்ததற்குச் சான்று இல்லை என்கிறார்கள் வேறு சிலர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அந்தக் கம்பளத்தை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பெரிய கண்ணாடிக் கூண்டு அநேகமாக மங்கலாகவே இருக்கும். வெளிச்சம் பட்டால் சாயத்தின் மூலக்கூறுகள் சிதைந்து நிறம் வெளுக்கும். போன நிறம் திரும்பி வராது. அதனால் அரை மணிக்கு ஒரு முறை, பத்தே நிமிடம் விளக்கு போடுகிறார்கள். முன்கூட்டியே போய், தரையில் உட்கார்ந்து காத்திருங்கள். முடிந்தால் சின்ன விளக்கு இருக்கும் பக்கமாக.