கணக்கில் அடுத்த படி எப்போது?

1806-இல் லண்டனில் பிறந்து, பள்ளிக்கே செல்லாமல் தந்தை ஜேம்ஸ் மில்லிடம் பயின்ற ஜான் ஸ்டூவர்ட் மில், உயர்கணிதத்தில் எழுந்த ஐயங்களைத் தீர்த்துவைக்கத் தந்தைக்கு அவகாசம் இன்மையால், பெரும்பாலும் நூல்களையே துணையாகக் கொண்டு தாம் இடர்ப்பட்டதைத் தமது சுயசரிதத்தில் பதிவு செய்திருக்கிறார். நூலை மட்டும் நம்பி மேலே சென்றால் இத்தகைய இடர் நேரலாம். ஆகவே, வீட்டிலேயே போதிக்கும் பெற்றோர், அடுத்த படிக்குச் செல்லப் பாடப்புத்தகம் முடிந்துவிட்டதென்பதையோ பிள்ளையின் வயதையோ பிரமாணமாகக் கொள்ளாமல், அதன் சிந்தனைப் போக்கையே கவனிப்பது உசிதம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டி 2/5 என்றெழுதும் குழந்தை, 'இது அரையைவிடக் குறைவாயிற்றே!' என்று தானே துணுக்குறுமாயின், பின்னத்தின் சொரூபம் அதற்குப் புலப்படத் தொடங்கிவிட்டது. விதியைக் கற்பித்துத் தைரியமாக மேலே அழைத்துச் செல்லலாம். விதியை ஒப்பித்துச் சரியான விடையே எழுதினாலும், காகிதத்தை மடித்துக் காட்டச் சொன்னதும் விழிக்குமாயின், இன்னும் சில வாரங்கள் அங்கேயே நிறுத்துவதுதான் நியாயம். ஏனெனில், அதே பின்னங்கள் இயற்கணிதத்தில் எழுத்துக்களோடு மீண்டும் வரும்.