பாப்டிசோ (கிரேக்க வினைச்சொல்)

பாப்டிசோ என்பது புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் வழங்கிய ஒரு வினைச்சொல். அமிழ்த்து, மூழ்கச் செய் என்பது இதன் அடிப்படைப் பொருள். கிறித்தவத்தில் ஒருவரைச் சபையில் சேர்க்கும் நீர்ச்சடங்கிற்கு இச்சொல்லே பெயராயிற்று. தமிழில் வழங்கும் ஞானஸ்நானம், திருமுழுக்கு ஆகிய இரு சொற்களும் இதன் மொழிபெயர்ப்புகளே.

இச்சொல்லின் பொருள் ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. குழந்தைப் பருவத்தில் தலையில் நீர் ஊற்றிப் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா, வளர்ந்தபின் ஆற்றிலோ தொட்டியிலோ முழுகி மீண்டும் பெற வேண்டுமா என்னும் கேள்வி தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் இன்றும் எழுகிறது. "மூலமொழியில் முழுகுதல் என்றுதானே இருக்கிறது?" என்பது அப்போது முன்வைக்கப்படும் முதன்மையான வாதம். அந்த வாதத்தில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை அறிய, இச்சொல் எங்கெங்கே எப்படி வழங்கியது என்று பார்ப்பது அவசியம்.

சொற்பிறப்பு

பாப்டிசோ, பாப்டோ என்னும் சிறிய வினையிலிருந்து பிறந்தது. பாப்டோ என்றால் தோய்த்தல். துணியைச் சாயத்தில் தோய்ப்பதற்கும் கிரேக்கர் இச்சொல்லையே வழங்கினர். தமிழில் 'தோய்' என்னும் வினையும் இவ்வாறே நீரில் நனைப்பதையும் சாயம் ஏற்றுவதையும் குறிக்கும். புதிய ஏற்பாட்டில் பாப்டோ மிகச் சில இடங்களிலேயே வருகிறது. அப்பத் துண்டைத் தோய்ப்பது (யோவான் 13:26), விரல் நுனியைத் தண்ணீரில் நனைப்பது (லூக்கா 16:24) போன்றவை அவை. சடங்கைக் குறிக்க ஓரிடத்திலும் பாப்டோ வரவில்லை. அதற்குப் பாப்டிசோ மட்டுமே பயன்பட்டது. இதிலிருந்து பாப்டிஸ்மா (சடங்கு), பாப்டிஸ்டேஸ் (அச்சடங்கைச் செய்பவர்) ஆகிய பெயர்ச்சொற்கள் உருவாயின.

பொதுவழக்கில் பொருள்

சடங்குப்பெயர் ஆவதற்கு முன்பே கிரேக்க இலக்கியத்தில் பாப்டிசோ பல பொருள்களில் வழங்கியது. வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கப்பல்கள் மூழ்குவதற்கு இதைப் பயன்படுத்தினார். பிளேட்டோவின் 'விருந்து' என்னும் உரையாடலில், முந்தைய நாள் குடியில் மூழ்கிக் கிடந்தவர்களைச் சுட்ட இச்சொல் வருகிறது. அவருடைய மற்றோர் உரையாடலில், கேள்விக்கு மேல் கேள்வியால் திணறும் இளைஞனுக்கு இது பொருந்துகிறது. புளூட்டார்க், கடனில் மூழ்கிய ஒருவரைக் குறிக்க இதே வினையை எடுத்தாண்டார்.

தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கப்பல் மூழ்கியது, கடனில் மூழ்கினான், துயரத்தில் மூழ்கினாள் என்று நாமும் ஒரே வினையைத்தான் சொல்கிறோம். தோய்த்த பொருளை உடனே வெளியே எடுத்துவிடலாம். மூழ்கிய பொருளோ முற்றிலும் நீரின் வசப்பட்டுவிடுகிறது. பாப்டோவுக்கும் பாப்டிசோவுக்கும் பொதுவாக உள்ள வேறுபாடு இதுவே.

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில்

கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூதர்கள் தம் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தனர். 'செப்துவஜிந்த்' எனப்படும் அத்தொகுப்பில் பாப்டிசோ நான்கு இடங்களில் மட்டுமே வருகிறது. தொழுநோயாளியான நாமான் யோர்தானில் ஏழு முறை முழுகிய நிகழ்ச்சி (2 இராஜாக்கள் 5:14) அவற்றுள் முதன்மையானது. ஏசாயா 21:4 இல், மனத்தை மூழ்கடிக்கும் கலக்கத்தை இச்சொல் உணர்த்துகிறது. யூதித்து 12:7 இல் நீரூற்றில் தூய்மை செய்துகொள்வதற்கும், சீராக் நூலில் பிணத்தைத் தொட்டபின் தீட்டு நீங்கக் குளிப்பதற்கும் இது வருகிறது. ஆகவே முழுகுதல் என்பதோடு தீட்டுக் கழித்தல் என்னும் பொருளும் இக்காலத்திலேயே சேர்ந்துவிட்டது.

புதிய ஏற்பாட்டில்

புதிய ஏற்பாட்டில் பாப்டிசோ ஏறத்தாழ 77 இடங்களில் வருகிறது. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நீர்ச்சடங்கு. யோர்தான் ஆற்றில் யோவான் கொடுத்தது, திருச்சபை பின்னர்க் கொடுத்தது ஆகிய இரண்டும் இதில் அடங்கும். பெரும்பான்மையான இடங்கள் இவ்வகையே. எத்தியோப்பிய அதிகாரியும் பிலிப்புவும் தண்ணீரில் இறங்கியதை அப்போஸ்தலர் 8:38 கூறுகிறது. பிலிப்பி நகரச் சிறைக்காவலரும் அவர் வீட்டாரும் இரவோடிரவாகப் பெற்றதை 16:33 கூறுகிறது. அங்கே எவ்வளவு நீர், எந்த முறை என்ற விவரம் இல்லை.

இரண்டாவது, உணவுக்கு முந்தைய தூய்மைச் சடங்கு. இயேசு உண்பதற்கு முன் அதைச் செய்யாதது கண்டு பரிசேயர் ஒருவர் வியந்ததாக லூக்கா 11:38 கூறும் இடத்தில் இவ்வினையே உள்ளது. மாற்கு 7:4 இலும் இது வருகிறது. ஆனால் சில பழைய கையெழுத்துப் படிகளில் அவ்விடத்தில் 'தெளித்தல்' எனப் பொருள்படும் வேறு வினை காணப்படுகிறது.

மூன்றாவது, துன்பம். இயேசு தம் சாவை முன்னறிவிக்கும்போது, தாம் பெறவேண்டிய ஒரு பாப்டிஸ்மா உண்டு என்கிறார் (மாற்கு 10:38, லூக்கா 12:50). இங்கே நீரே இல்லை. துன்பத்தில் மூழ்குதல் என்னும் பழைய கிரேக்க வழக்கே உள்ளது.

நான்காவது, ஆன்மிகப் பொருள். தூய ஆவியாலும் நெருப்பாலும் பெறுவது (மத்தேயு 3:11) இவ்வகை. இஸ்ரயேலர் மேகத்திலும் கடலிலும் மோசேக்குள்ளாகப் பெற்றதாகப் பவுல் எழுதுவதும் (1 கொரிந்தியர் 10:2) இதில் சேரும். யாத்திராகமக் கதைப்படி இஸ்ரயேலர் உலர்ந்த தரையில் நடந்தே கடலைக் கடந்தனர், மூழ்கியவர்கள் எகிப்தியர். எனவே இங்கே உடல் நனைவதைவிட, ஒரு தலைவருக்கு உரியவராதல் என்பதே பொருள். ரோமர் 6:3-4 இல் பவுல் இச்சடங்கைக் கிறித்துவோடு இறந்து அடக்கம் செய்யப்படுவதற்கு ஒப்பிடுகிறார். தமிழில் 'தலைமுழுகுதல்' என்பது குளியலை மட்டுமன்றி ஓர் உறவை அடியோடு விட்டொழிப்பதையும் குறிப்பதை நினைத்தால், பவுலின் கருத்து எளிதில் விளங்கும்.

தொடக்கக்காலத் திருச்சபையின் வழக்கம்

'திதாக்கே' என்பது மிகப் பழைய கிறித்தவக் கையேடுகளில் ஒன்று. 1873 இல் கண்டெடுக்கப்பட்டு 1883 இல் அச்சேறியது. ஓடும் நீரில் பாப்டிசோ செய்யும்படி அது கூறுகிறது. ஓடும் நீர் இல்லையேல் வேறு நீரில் செய்யலாம். அதற்கும் போதிய நீர் இல்லையேல் தலையில் மும்முறை நீர் ஊற்றலாம் என்றும் வழிகாட்டுகிறது. முழுகுதலே முதல் விருப்பம், ஊற்றுதலும் ஏற்புடையது என்பது அதன் நிலைப்பாடு.

தமிழில் பெயர்த்த வரலாறு

16 ஆம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரைக் கிறித்தவர்களிடையே போர்த்துகீசியக் கடன்சொற்கள் பல வழங்கின. 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எனப்படும் இராபர்ட் தெ நோபிலி, அவற்றுக்குப் பதிலாக வடமொழிச் சார்புடைய சமயச்சொற்களைப் பரப்பினார். ஞானஸ்நானம் அந்த மரபைச் சேர்ந்த சொல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1715 இல் அச்சாகி முடிந்தது. கத்தோலிக்கர் உருவாக்கிய சொற்கள் பலவற்றைச் சீர்திருத்தச் சபையாரும் ஏற்றுக்கொண்டனர். ஃபப்ரீசியஸ் மொழிபெயர்ப்பைக் கடந்து, 1871 இல் வெளிவந்து இன்றும் பரவலாகப் படிக்கப்படும் பவர் மொழிபெயர்ப்பிலும் ஞானஸ்நானம் நிலைத்தது.

ஞானஸ்நானம் என்னும் சொல் குளித்தல் என்பதைச் சொல்கிறது. அது அறிவும் அருளும் சார்ந்த குளியல் என்பதையும் சொல்கிறது. நீரின் அளவைச் சொல்லவில்லை. அதனால் எல்லாச் சபையாரும் அதை வழங்க முடிந்தது. துன்பத்தைக் குறிக்கும் லூக்கா 12:50 இல் பவர் மொழிபெயர்ப்பு 'ஞான' என்பதை விட்டு, 'ஸ்நானம்' என்று மட்டும் எழுதி, அதோடு 'முழுகு' என்னும் வினையைச் சேர்க்கிறது. ஒரே மூலச்சொல்லுக்கு இடமறிந்து சொல் தேர்ந்ததற்கு இது நல்ல சான்று.

1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திருமுழுக்கு' என்னும் சொல்லை ஏற்றது. அதற்குமுன் 'யோவான் ஸ்நானகன்' என்றும், கத்தோலிக்கரிடையே 'ஸ்நாபக அருளப்பர்' என்றும் அழைக்கப்பட்டவர் அதில் 'திருமுழுக்கு யோவான்' ஆனார்.

முதுநகரும் வங்காளச் சர்ச்சையும்

கடலூரில் சீர்திருத்தச் சபைப் பணி 1737 இல் தொடங்கியது. சுவீடன் நாட்டவரான கியர்நாண்டர் 1740 இல் இங்கு வந்து பணியாற்றினார். 1758 இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை கடலூரையும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றியபின் அவர் கல்கத்தா சென்று, அங்கே சீர்திருத்தச் சபைப் பணியைத் தொடங்கிவைத்தார்.

அதே வங்காளத்திற்கு 1793 இல் வில்லியம் கேரி வந்தார். கேரியும் அவருடைய தோழர்களும் முழுகுதலை மட்டுமே ஏற்கும் பாப்டிஸ்ட் சபையினர். 1801 இல் செராம்பூரில் கேரியின் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சானது. அவருக்குப் பின் வில்லியம் யேட்ஸ் முதலியோர் திருத்திய வங்காளப் பதிப்பிலும் பாப்டிசோவுக்கு முழுகுதல் என்னும் பொருள் தரும் சொல்லே இருந்தது. மற்றச் சபையார் எதிர்த்தனர். எல்லாருக்கும் ஏற்புடைய சொல்லோ கிரேக்க ஒலிபெயர்ப்போ இருந்தால்தான் உதவ முடியும் என்று பிரித்தானிய வெளிநாட்டு வேதாகமச் சங்கம் 1830களில் மறுத்தது. இதன் விளைவாகப் பாப்டிஸ்டுகள் 1840 இல் இங்கிலாந்தில் தனி மொழிபெயர்ப்புச் சங்கம் அமைத்தனர். ஒரு வினைச்சொல்லைப் பெயர்ப்பதில் எழுந்த வேறுபாடு, நிறுவனங்களையே பிரித்துவிட்டது.

சொல்லும் முறையும்

பாப்டிசோவின் வேர்ப்பொருள் மூழ்குதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சொல் சடங்கின் பெயரானபின், அதன் வேர்ப்பொருள் மட்டுமே செய்முறையைத் தீர்மானிப்பதில்லை. இதற்குத் தமிழிலேயே சான்றுகள் உண்டு. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் மக்கள் கடலில் முழுகுகின்றனர், அது நேர்ப்பொருள். எண்ணெய் முழுக்கு என்கிறோம். வீட்டில் செம்பால் நீர் மொண்டு ஊற்றிக் குளித்தாலும் அது முழுக்குத்தான். கோயில் குடமுழுக்கில் கலசத்தின்மேல் நீர் ஊற்றப்படுகிறது. எதுவும் நீருக்குள் அமிழ்வதில்லை. இம்மூன்றையும் முழுக்கு என்று சொல்லும் தமிழர் எவரும் குழம்புவதில்லை.

ஆகவே முழுகுதலை வலியுறுத்துவோர் சொல்லின் வேரையும், யோர்தான் முதலிய நிகழ்ச்சிகளையும், அடக்கம் பற்றிய பவுலின் ஒப்புமையையும் சான்றாகக் காட்டலாம். ஊற்றுதலை ஏற்போர் லூக்கா 11:38 போன்ற இடங்களையும் திதாக்கேயையும் காட்டலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இரு முறைகளையும் ஏற்கிறது. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் முழுகுதலை மட்டும் ஏற்கின்றன. இவ்வேறுபாட்டில் நீரின் அளவு ஒரு பகுதியே. குழந்தைக்குக் கொடுக்கலாமா, நம்பி அறிக்கையிட்டவருக்கு மட்டுமா என்பது மறுபகுதி. அந்த இரண்டாம் கேள்விக்குப் பாப்டிசோ என்னும் வினையில் விடை இல்லை. முன்பு பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று ஒருவரிடம் சொல்ல, கிரேக்க அகராதி மட்டும் போதிய சான்றாகாது.