நிச்சய லாபமா?

பெங்களூரில் ஒரு பெண் துணி தைத்து விற்கிறார். அவர் கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"உங்கள் துணியை இணையத்தில் விற்றுத் தருகிறோம். மாதம் 50,000 ரூபாய் நிச்சயம். இன்றே 2,000 ரூபாய் கட்டுங்கள்."

நம்பலாமா?

வியாபாரத்தில் லாபமும் வரும், நட்டமும் வரும். நிச்சய லாபம் என்பது பொய். "இன்றே" என்பது யோசிக்க விடாத தந்திரம். "ஆள் சேர்த்தால் பணம்" என்றும் சொல்வார்கள். அப்படிப் பணம் சுழற்றுவதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்ல வேண்டும். போன பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

இரவு பகலாகத் தைத்துச் சேர்த்த பணம் அது. விசாரிக்காமல் யாருக்கும் கட்டலாமா?