பத்து வருஷப் பழைய பிரெஞ்சு ஒயின்... விலை மட்டும் ஏன் கம்மி?

பழைய ஒயின் என்றதும் ஏலத்தில் லட்சக்கணக்கில் விலைபோகும் தூசி படிந்த பாட்டில்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் பிரான்ஸில், அதுவும் ஒயின் உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான போர்டோவில், எட்டு பத்து வருஷம் ஆன நல்ல சிவப்பு ஒயினை 20, 30 யூரோவுக்கு வாங்க முடிகிறது. லாஃபிட், லத்தூர் போன்ற ஜாம்பவான்கள் இருக்கும் அதே மெடோக் பகுதியில் விளைந்த ஒயின். தயாரிப்பில் குறையா? பெரும்பாலும் இல்லை. விஷயம் வேறு.

1855-ல் போட்ட பட்டியல்

அந்த ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, சிறந்த போர்டோ ஒயின்களின் பட்டியல் ஒன்று கேட்டார் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். ஒயின் தரகர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். ஒவ்வொரு பண்ணையின் ஒயினும் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் அவர்கள் பார்த்த முக்கிய அளவுகோல். சிவப்பு ஒயினுக்கு ஐந்து படிநிலைகள். ஓ-பிரியோன் என்ற ஒரு பண்ணையைத் தவிர, எல்லாமே மெடோக்கைச் சேர்ந்தவை.

ஒரு கண்காட்சிக்காகப் போட்ட அந்தப் பட்டியல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே ஆண்டு கான்டமெர்ல் என்ற பண்ணை கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது; அதற்குக் கையெழுத்துப் போட்ட விவசாய அமைச்சர், பின்னாளில் அதிபரான ஜாக் ஷிராக். பெரிய மாற்றம் என்று சொன்னால் இந்த இரண்டுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கே தகுதி பண்ணையின் பெயருக்குத்தான், நிலத்துக்கு இல்லை. பட்டியலில் உள்ள பண்ணை பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் அந்தஸ்து அப்படியே இருக்கும். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு நல்ல நிலம் வைத்திருந்தாலும் உள்ளே நுழைய வழியில்லை.

வெளியே நின்றவர்கள்

சோசியாந்தோ-மாலே என்ற பண்ணை இதற்கு நல்ல உதாரணம். மெடோக்கின் வடக்கே, புகழ்பெற்ற சாந்த் எஸ்தெஃப் ஊருக்கு அடுத்து, ஜிரோந்த் கழிமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் கூழாங்கல் மேடு. 1969-ல் ஒயின் வியாபாரியான ஜான் கோத்ரோ இதை வாங்கியபோது கொஞ்சம் கொடிகள்தான் மிஞ்சியிருந்தன. பாட்டிலின் பெயரை மறைத்துவைத்து நடத்தும் சுவைச் சோதனைகளில், 1855 பட்டியலில் உள்ள பணக்கார ஒயின்களை இது பலமுறை முந்தியிருக்கிறது. ஆனாலும் விலை அவற்றில் ஒரு சிறு பங்குதான்.

இப்படி வெளியே நின்றவர்களுக்காகவே ‘க்ரூ பூர்ஷ்வா’ என்ற இன்னொரு தரவரிசை உண்டு. 1932-ல் வந்த பட்டியலில் 444 பண்ணைகள். 2003-ல் அதைச் சுருக்கி 247 ஆக்கினார்கள். விடுபட்டவர்கள் நீதிமன்றம் போக, 2007-ல் அந்தப் பட்டியலே ரத்தானது. 2020-ல் மூன்று படிகளோடு மறுபடி வந்தது. இதுக்கு ஆயுள் ஐந்து வருஷம்தான், பிறகு திரும்பவும் பரீட்சை. 1855 பட்டியலோடு ஒப்பிட்டால் இதுதான் நியாயமான முறை என்று தோன்றும். சந்தை மட்டும் இன்னமும் பழைய பட்டியலுக்குத்தான் காசு கொடுக்கிறது.

வயசானா என்ன ஆகும்?

நாவல்பழம் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும் இல்லையா, அந்தத் துவர்ப்புக்குப் பெயர் டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிறது. மெடோக்கின் முக்கிய ரகமான கேபர்னே சாவின்யோனுக்குத் தோல் தடிமன், பழம் சிறிசு. அதனால் டானின் அதிகம். புதுசாகக் குடித்தால் வாயைக் கட்டிப்போடும்.

பாட்டிலுக்குள் ஆண்டுகள் போகப் போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கிவிடும். துவர்ப்பு மென்மையாகும், ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறும், புதுப்பழ வாசனை போய் காய்ந்த இலை, தோல், புகையிலை மாதிரியான மணங்கள் வரும். இது எல்லா ஒயினுக்கும் நடக்காது. உலகில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. அதை வைத்திருந்தால் கெட்டுத்தான் போகும்.

எந்த வருஷம் என்பதும் முக்கியம்

2009, 2010, 2016 எல்லாம் போர்டோவின் ‘சூப்பர் ஹிட்’ வருடங்கள். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் வாங்கி விற்கும் பழக்கம் அங்கே உண்டு. ஹிட் வருஷத்தில் அப்போதே விலை எகிறிவிடும். 2014 அப்படியில்லை. கோடை சொதப்பியது. செப்டம்பரில் வந்த நல்ல வெயில் பயிரைக் காப்பாற்றியது. ஒயின் நன்றாகவே வந்தது, விலை மட்டும் ஏறவில்லை. பழைய ஒயினைக் குறைந்த விலையில் தேடுபவர்கள் நோட்டமிடுவது இந்த மாதிரி வருடங்களைத்தான். 2013-ஐ மட்டும் யோசித்து வாங்க வேண்டும். குளிரும் மழையும் சேர்ந்து அந்த வருஷ விளைச்சலையே கெடுத்துவிட்டன.

இந்த விலையெல்லாம் பிரான்ஸ் கடை விலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நீண்டகாலமாக விதித்துவந்த சுங்க வரி 150 சதவீதம்.

மலிவுக்குப் பின்னால்

விலை ஏறாததற்கு இன்னொரு காரணமும் இருக்கு, அது அவ்வளவு இனிப்பானது இல்லை. பிரான்ஸிலேயே சிவப்பு ஒயின் குடிப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஒருகாலத்தில் அள்ளி வாங்கிய சீனாவும் பின்வாங்கிவிட்டது. பட்டியலில் உள்ள பெரிய பண்ணைகள் சரக்கைப் பூட்டிவைத்துக் காத்திருக்கலாம். சின்னப் பண்ணைக்கு அது முடியாது. வங்கித் தவணை, கூலி, அடுத்த அறுவடைக்குப் பீப்பாய் என்று செலவு நிற்பதில்லை. எனவே கிடங்கில் பல வருஷம் கிடந்த பாட்டிலும் வந்த விலைக்குப் போகிறது.

நம்மூர் விவசாயிகள் தெளிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ‘போர்டோ கலவை’ 1880-களில் பிறந்தது இதே மெடோக்கின் திராட்சைத் தோட்டங்களில்தான். கொடியை நோயிலிருந்து காப்பாற்ற மருந்து கண்டுபிடித்த அந்த வட்டாரத்தில், 2023-ல் கொடியைப் பிடுங்க மானியம் அறிவித்தார்கள். எக்டேருக்கு 6,000 யூரோ. மொத்தம் 5.7 கோடி யூரோ செலவில் சுமார் 9,500 எக்டேர் திராட்சையை அகற்றுவது திட்டம். கவனிப்பாரின்றி விட்ட தோட்டங்களிலிருந்து பக்கத்துத் தோட்டங்களுக்கு நோய் பரவுகிறது என்பது அரசு சொன்ன காரணம். அதே ஆண்டு, விற்காமல் தேங்கிய ஒயினைக் காய்ச்சி வடித்து, சானிடைசருக்கும் வாசனைத் திரவியத்துக்கும் வேண்டிய ஆல்கஹாலாக மாற்ற பிரெஞ்சு அரசு நாடு முழுக்க ஒதுக்கிய தொகை 20 கோடி யூரோ.

பிடுங்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, லாஃபிட்டும் லத்தூரும் இருக்கும் ஊர்களுக்கு வெளியே இருந்த கொடிகள். மானியம் வாங்கியவர்கள் அந்த நிலத்தைக் காடாக வளரவிட வேண்டும், அல்லது வேறு பயிருக்கு மாற வேண்டும்.