பாஸ்வேர்டு மறந்த கணினி: கதவுப் பூட்டும் இரும்புப் பெட்டியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். எழுபதைத் தாண்டியவர். கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படமெடுத்து வைப்பவர். எனக்குக் கல்வெட்டு எழுத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கண் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் லேப்டாப்பைத் தொடவில்லை. இப்போது திறந்தால் பாஸ்வேர்டு நினைவில் இல்லை.

"தம்பி, கடைக்காரர் ஃபார்மட் பண்ணித் தந்துடறேங்கிறார். ஐந்நூறு ரூபாதானாம். கொடுத்துடலாமா?"

"வேண்டாம் சார். யார்கிட்டயும் கொடுக்காதீங்க, நானே வர்றேன்."

அந்த லேப்டாப்பில் பன்னிரண்டு வருடப் படங்கள் இருந்தன. அதில் சில கல்வெட்டுகளை இன்று நேரில் போனாலும் பார்க்க முடியாது. திருப்பணியின்போது பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள். வேறு பிரதியும் இல்லை. ஃபார்மட் செய்தால் கணினி திறக்கும், ஆனால் எதற்காகத் திறக்க வேண்டுமோ அது போய்விடும். இதே நிலையில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய பேர் என்பதால், அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கணினிக்கே தெரியாத ரகசியம்

சார் கேட்ட முதல் கேள்வி: "பாஸ்வேர்டு உள்ளதானே எங்கயாவது இருக்கும்? எடுத்துப் பார்க்க முடியாதா?"

ஒரு காலத்தில் முடிந்தது. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதில் எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரு கோப்பில் அப்படியே எழுத்தாக இருந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. அந்தக் கோப்பை அச்சடிக்கச் சொல்லித் துளையட்டை ஒன்றைப் போட்டார், பட்டியல் அச்சாகி வந்துவிட்டது. 1966இல் கோப்புகளைத் திருத்தும்போது நேர்ந்த குளறுபடியில், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகப் பாஸ்வேர்டுப் பட்டியலே திரையில் வந்தது.

இதற்குப் பின் வந்த அமைப்புகள் பாஸ்வேர்டை அப்படியே வைப்பதை விட்டுவிட்டு, அரைத்து வைக்க ஆரம்பித்தன. இதற்கு ஹேஷ் என்று பெயர். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது அல்லவா, அதுபோலத்தான். நீங்கள் தட்டுவதைக் கணினி மறுபடி அரைத்து, ஏற்கெனவே வைத்திருக்கும் மாவோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் உள்ளே விடும். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்தால் மாவும் ஒன்றாக இருக்குமே? அதற்காக ஆளுக்கு ஆள் வேறான ஓர் எண்ணைச் சேர்த்து அரைக்கும் முறையை, யூனிக்ஸ் அனுபவத்திலிருந்து ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயரே 'உப்பு'தான்! விண்டோஸ் தன் உள்ளூர்க் கணக்குகளின் மாவை 'சாம்' என்ற கோப்பில் வைக்கிறது. அதில் உப்பு இல்லை என்பது வேறு கதை.

ஆக, மறந்துபோன பாஸ்வேர்டைக் கணினியிடம் கேட்டால் அதற்கும் தெரியாது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கத்தான் முடியும்.

நிஜமாகவே மறந்துவிட்டீர்களா?

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, விசைப்பலகை. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கணினியில் இது அடிக்கடி நடக்கும். உள்நுழையும் திரையின் வலது கீழ் மூலையில் மொழி ஆங்கிலத்தில் இருக்கிறதா, கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்தினால் நீங்கள் தட்டியது அப்படியே தெரியும்.

இரண்டு, பின் எண். தினமும் பின் போட்டே நுழைபவருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோவது இயல்பு. இரண்டும் வேறு வேறு. ஒன்று மறந்தாலும் மற்றதால் நுழையலாம்.

எந்தக் கணக்கு?

விண்டோஸில் இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தொடங்கியது மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதன் பாஸ்வேர்டை உங்கள் போனிலிருந்தே மாற்றலாம். பதிவு செய்த எண்ணுக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ குறியீடு வரும். மாற்றிய பிறகு கணினியை இணையத்தில் இணைத்துப் புதிய பாஸ்வேர்டைப் போட்டால் திறந்துவிடும்.

வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது உள்ளூர்க் கணக்கு. ஒருமுறை தவறாகப் போட்டதும் 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வரும், அதை அழுத்தினால் மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும். விண்டோஸ் 10இல் 2018 முதல் இந்த வசதி இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே பதில் கொடுத்து வைத்திருந்தால்தான் உதவும். அதே கணினியில் நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கு இருந்தால், அதன் வழியாகவும் மாற்றலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ரீசெட் பாஸ்வேர்டு' வேறு, 'ரீசெட் திஸ் பிசி' வேறு. பின்னது விண்டோஸையே புதிதாக நிறுவுவது. அதில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம், கட்டுரை எதுவும் மிஞ்சாது. பதற்றத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

பூட்டா, பெட்டியா?

சாருடையது உள்ளூர்க் கணக்கு. பாதுகாப்புக் கேள்விகள் இல்லை, வேறு கணக்கும் இல்லை. அப்படியானால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா?

உள்நுழையும் பாஸ்வேர்டு என்பது வீட்டு வாசல் கதவுப் பூட்டு. வேறு வழியாக உள்ளே வந்துவிட்டால், வீட்டில் இருப்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் இரும்புப் பெட்டி. அதில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் ஒன்றும் புரியாது. அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இது தானாகவே இயங்கிவிடுகிறது, சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சாவி எங்கேயும் இல்லையென்றால், எந்தக் கடைக்காரராலும் அதைத் திறக்க முடியாது. முடியும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

சாருடைய லேப்டாப் பழையது. பெட்டி இல்லை, பூட்டு மட்டும்தான்.

நாங்கள் செய்தது

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தோம். சும்மா அணைத்தால் விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும்; அந்த நிலையில் உள்ள டிஸ்க்கில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும். பிறகு உபுண்டு போட்ட பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பினோம். 'நிறுவாமல் முயன்று பார்' என்பதுதான் இங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது. டிஸ்க்கைத் திறந்தால், சாருடைய கோப்புறைகள் ஊர் ஊராகப் பெயரிட்டு வரிசையாக இருந்தன. பாஸ்வேர்டு என்று எதுவும் கேட்கவே இல்லை.

முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். நகல் எடுக்காமல் பாஸ்வேர்டில் கை வைக்கக் கூடாது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். அது முடிந்தபின், சாம் கோப்பில் கடவுச்சொல்லைக் காலியாக்கும் இலவசக் கருவியை லினக்ஸிலிருந்தே இயக்கினோம். மறுபடி விண்டோஸ் வந்தபோது பாஸ்வேர்டு இல்லாமலே திறந்தது.

இப்படி வெளியிலிருந்து மாற்றினால் ஒரு இழப்பு உண்டு. விண்டோஸ் தனியாகக் குறியாக்கி வைத்த கோப்புகளும், உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகளும் பழைய பாஸ்வேர்டோடு கட்டப்பட்டவை. அது நினைவுக்கு வந்தாலொழிய அவை திரும்பாது. சாருக்கு அப்படி எதுவும் இல்லாததால் தப்பித்தோம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உபுண்டுவில் தொடக்கப் பட்டியலில் மீட்பு முறைக்குப் போய், ரூட் வரியைத் திறந்து, டிஸ்க்கை எழுதும் நிலைக்கு மாற்றிப் புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். நிறுவும்போதே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்திருந்தால், அங்கேயும் அதன் சாவிச்சொல் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

சார் கேட்ட கடைசிக் கேள்வி

காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஏன் தம்பி, நீ அரை மணி நேரத்துல உள்ள போயிட்டியே. திருடன் எடுத்துட்டுப் போனாலும் இப்படித்தானா?"

ஆமாம், அப்படித்தான். லேப்டாப் கையில் கிடைத்த யாரும் இதைச் செய்யலாம். அதனால் வங்கி விவரம், அலுவலகக் கோப்பு வைத்திருப்பவர்கள் குறியாக்கம் செய்வதே நல்லது. ஆனால் குறியாக்கம் செய்துவிட்டுச் சாவியைத் தொலைத்தால், திருடனைப் போலவே நீங்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைப்பது, சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டுவது மாதிரி.

சாருக்குக் குறியாக்கம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவரிடம் இருப்பது மறைக்க வேண்டிய பொருள் இல்லை, பிழைக்க வேண்டிய பொருள். ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் அவர் மகள் வீட்டில் இருக்கிறது, இன்னொன்று என்னிடம். புதிய பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கல்வெட்டு நோட்டில் ஒட்டிவைத்தார். பாதுகாப்பு நிபுணர்கள் திட்டுவார்கள். அவருடைய வீட்டில், அவருடைய வயதில், அது சரியான இடம் என்றே நினைக்கிறேன்.